சாமி கொடுத்த வரமும் பூசாரியும்

தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, வந்தாறுமூலையிலிருந்து இந்த வெயிலிலும் வந்திருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களே, சர்வமதப் பெரியார்களே, வர்த்தக சங்கத் தலைவரே, அவருக்கு முந்திய தலைவரே (இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பதைப் பார்க்கச் சந்தோஷம்), பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். மண்டபத்தை இலவசமாகத் தந்தவர்களுக்கு நன்றி. யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் தேநீர் நேரத்தில் என்னை ஏசிக்கொள்ளலாம்.

செயலிப் போட்டியில் பரிசு வாங்கியது சந்தையில் காசு பார்க்குமா? இதில் மூன்று விடயம் சொல்ல வந்தேன். நடுவர் எதைப் பார்த்துப் புள்ளி போடுகிறார், வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார், பரிசுப் பணத்தை எப்படிக் கொடுக்க வேண்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே நடுவர்தான் சாமி. போனைக் கையில் வைத்திருக்கிற ஆள்தான் பூசாரி.

2008இல் கூகுள் முதல் அண்ட்ராய்டு செயலிப் போட்டியை நடத்தியது. 1,788 செயலிகள் வந்தன. கடைசிச் சுற்றில் பத்துப் பேருக்குத் தலா 2,75,000 டொலர். முடிவு ஓகஸ்டில் வந்தது. முதல் அண்ட்ராய்டு போன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததோ ஒக்டோபரில்! பூசாரி பிறக்கும் முன்னமே சாமி வரம் கொடுத்துவிட்டது. அந்தப் பத்தில் ஒன்று, வீட்டு ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் லைஃப்360. அது பிறகு பெரிய கம்பனியாகி 2019இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கே போனது. மற்ற ஒன்பதில் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2009இல் நடந்த இரண்டாவது போட்டியில் முதல் சுற்றுப் புள்ளியைப் போன் வைத்திருந்த சாதாரண ஆட்களிடமே விட்டது.

நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், பரவாயில்லை. எனக்குத் தெரிந்த நான்கு பிள்ளைகள் நெற்பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் செயலி செய்தார்கள். இலையைப் படம் பிடித்தால் போதும், நோயின் பெயர் வரும். கொழும்பில் முதலாம் பரிசு, கேடயம், பத்திரிகையில் படம். வந்த கையோடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்கள் கிடக்கும் படுவான்கரைக்குப் போய் ஒரு போடியாரிடம், அதாவது ஒரு பெரிய வயல்காரரிடம், காட்டினார்கள். நானும் கூடப் போனேன், சாப்பாடு நல்லாயிருக்கும் என்று. நட்ட நடு வெயில். போடியார் போனை வாங்கினார். கையில் சேறு, விரல் வைத்தால் திரை அசையவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிக்னல் இல்லை. வரம்பு வரம்பாக நடந்து ஒரு மருத மரத்தடியில் சிக்னல் பிடித்தோம். நோயின் பெயர் வந்தது, ஆங்கிலத்தில். "இதென்ன மனே எழுதியிருக்கு?" என்றார். பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். அவர் இலையை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எரிபந்தம் எண்டு நான் அப்பவே சொல்லியிருப்பனே! அது கிடக்கட்டும், வெட்டுமெசின் எப்ப நம்மட வட்டைக்கு வரும் எண்டு இது சொல்லுமா?" என்று கேட்டார். நெல் அறுக்கும் இயந்திரம் எப்போது தன் வயல் பக்கம் வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அதைச் சொன்னா மாசம் நூறு ரூபா நானே தருவன் மனே."

அந்த நூறு ரூபாய்தான் சந்தை. நடுவர் குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் பார்க்கிறார். புதுமையா, அழகா, பேச்சுத் தடங்கலில்லாமல் வருகிறதா என்று பார்க்கிறார். அதில் பிழையில்லை, அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். போடியாருக்கு முழுப் போகமும் கிடக்கிறது.

பரிசே வீண் என்று சொல்லவில்லை. பின்லாந்தில் மூன்று மாணவர்கள் 2003இல் ஒரு மொபைல் விளையாட்டுப் போட்டியில் வென்று, அந்தத் துணிவில் கம்பனி தொடங்கினார்கள். அதுதான் ரோவியோ. அங்ரி பேர்ட்ஸ் வந்தது 2009 டிசம்பரில், அவர்களுடைய 52ஆவது விளையாட்டாக. இடையில் கம்பனி மூடும் நிலைக்கே போனது. சாமி 2003இல் கொடுத்த வரத்துக்குப் பூசாரி ஆறு வருடம் கழித்துத்தான் கதவைத் திறந்தார்.

சரி, இரண்டாவது விடயம். வாங்குகிறவர் டேட்டா எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பார், பழைய போனில் ஓடுமா என்று பார்ப்பார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது மொழிதான். நான் எந்த மேடை ஏறினாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று சிலர் சிரிக்கிறார்கள், சிரியுங்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க உழைத்தவர். அவருடைய மண்ணில் பிள்ளைகள் செய்யும் செயலி போடியாரோடு ஆங்கிலத்தில் பேசுகிறது! 1987இலிருந்து தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. போட்டியின் புள்ளித்தாளில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. புள்ளி இல்லாததைப் பிள்ளைகள் ஏன் செய்யப் போகிறார்கள்?

ஆகவே நான் கொண்டுவரும் தீர்மானம் இது: அடுத்த வருடம் நம் மாவட்டத்தில் நடக்கும் எந்தப் போட்டியிலும் நூறுக்கு இருபது புள்ளி தமிழுக்கு. எழுத்து மட்டும் போதாது, வாயால் சொன்னாலும் விளங்க வேண்டும். நடுவர் வரிசையில் ஒரு விவசாயி, ஒரு மீனவர், சந்தையில் யாவாரம் செய்யும் ஒரு அக்கா. இவர்களுக்கும் மற்ற நடுவர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவு.

மூன்றாவது விடயத்துக்கு நேரமில்லை, தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். தீர்மானத்தின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. பிரதேச செயலாளர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனா கொண்டுவராதவர்கள் அந்த இரண்டு வர்த்தக சங்கத் தலைவர்களிடமும் வாங்கிக்கொள்ளுங்கள்.