குறிச்சியன் வீட்டு நெல்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘வரலாற்றுத் திரைப்படங்கள் வரலாற்றை வாழ வைக்கின்றனவா, வளைக்கின்றனவா?’ என்ற தலைப்பில், வளைக்கின்றன என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ஹரிஹரன் இயக்கத்தில் 2009-இல் வந்த மலையாளப் படமான ‘கேரள வர்ம பழசிராஜா’வைத் துணைக்கு அழைத்தார், அந்தப் படம் வந்திராவிட்டால் கேரளத்து வயநாட்டுக் காடுகளில் பழசிராஜாவோடு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவர்களை நமக்கு யார் காட்டியிருப்பார்கள் என்று கேட்டார். நானும் அதே படத்தையே எடுத்துக்கொள்கிறேன். மோசமான படத்தைக் குறை சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை. மம்முட்டியும் நம் சரத்குமாரும் நடித்து, 27 கோடி ரூபாய்ச் செலவானதாகப் பேசப்பட்டு, இளையராஜாவின் பின்னணி இசைக்குத் தேசிய விருதும் பெற்றுத் தந்த நல்ல படமே வளைத்திருக்கிறது என்றால், மற்றவற்றைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை.

படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வீழ்ந்து கிடக்கும் பழசிராஜாவின் அருகே நின்று, இவர் நம் பகைவர், ஆனாலும் மாவீரர் என்று கம்பெனியின் துணைக் கலெக்டர் பேபர் சொல்ல, வெள்ளை அதிகாரிகள் சல்யூட் அடிக்கிறார்கள். இது முழுக் கற்பனை அன்று. 1805 நவம்பர் 30-ஆம் நாள் ராஜா இறந்தபின், அவர் உடலைத் தன் பல்லக்கிலேயே ஏற்றச் சொன்னதாகப் பேபரே எழுதியிருக்கிறார். எனக்குக் குறை அந்தக் காட்சியின் மீதன்று. படம் அங்கே முடிகிறதே, அதன் மீதுதான். (நம் வீரனுக்கு நற்சான்று கொடுக்க அவனை வேட்டையாடியவரே வர வேண்டியிருக்கிறது என்பதையும் போகிற போக்கில் கவனியுங்கள்.)

இந்தப் போரில் வயநாட்டுப் பழங்குடியினரான குறிச்சியர் எப்படி இறங்கினார்கள் என்பதை, பிற்காலத்தில் மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் தம் ‘மலபார் மேனுவலில்’ பதிந்திருக்கிறார். கம்பெனியின் கோல்காரன், அதாவது சேவகன், ஒருவன் ஒரு குறிச்சியன் வீட்டுக்கு வந்து நெல் கேட்கிறான். அங்கே இருந்த, ராஜாவின் தளபதி எடச்சேன குங்கன் அவனை அங்கேயே வெட்டிச் சாய்க்கிறார். அதன்பின் குறிச்சியர் குங்கனோடு சேர்கிறார்கள்; 1802 அக்டோபரில் குறிச்சியர் தலைவர் தலைக்கல் சந்துவும் 150 வில்லாளிகளும் பனமரம் கோட்டைக்குள் புகுந்து, அங்கிருந்த 70 பேரையும் கொன்று, 112 துப்பாக்கிகளையும் 6,000 ரூபாயையும் அள்ளிச் செல்கிறார்கள். அரண்மனையில் தீட்டிய திட்டத்தில் அன்று, குறிச்சியன் வீட்டு நெல்லில் பற்றிய நெருப்பு அது.

ஆகவேதான் ராஜா இறந்தும் அது அணையவில்லை. வரியை நெல்லாக வாங்காமல் காசாகவே கேட்ட கம்பெனியை எதிர்த்து, 1812 மார்ச்சில் குறிச்சியரும் இன்னொரு பழங்குடியினரான குறும்பரும் மறுபடியும் வில்லெடுத்தார்கள். மே மாதத்தில்தான் அவர்களை ஒடுக்க முடிந்தது. இந்த முறை முன்னால் நிற்க அந்த ராஜா இல்லை, படமும் இல்லை. நாயகன் விழுந்தபின் எந்தத் தயாரிப்பாளரும் இன்னொரு சுருள் ஓட்டமாட்டார் என்பது எனக்கும் தெரியும். அதைத்தான் வளைப்பது என்கிறேன், நடுவர் அவர்களே: நாயகனின் ஆயுளைப் போரின் ஆயுளாக்கிவிடுவது.

மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியுமா என்று எதிரணியினர் கேட்பார்கள். படம் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகவே ஓடுகிறது. மேலும், தலைக்கல் சந்துவைத் திரையில் கண்டு கலங்கியதாக நண்பர் சொன்னாரே, அந்தச் சந்துவைக் கொன்ற இடம் என்று பனமரத்து மக்கள் இன்றும் ஒரு கோளி மரத்தடியைக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தப் படம் தேவைப்படவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணிப் பேச்சாளர், 1812-இல் வில்லெடுத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லட்டும். அதை இந்தப் படத்தில்தான் கேட்டேன் என்றும் சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.