எந்தச் ‘சரி’?

நேயர்களுக்கு வணக்கம். தலைவர்கள் பேசும் விதத்தைப் பற்றிப் பேசச் சொல்லி உதகைக்கு அழைத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கியவன் நான். அதனால் என்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நல்ல உதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

குந்தா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். யார் என்ன சொன்னாலும் "அதெல்லாம் ஆகாது" என்றுதான் என் வாய் திறக்கும். அப்புறம் யோசித்து ஒப்புக்கொள்வேன். பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டிருக்கிறேன், சத்தியமாக. ஒரு செப்டம்பரில் பள்ளத்தில் இருந்த தேயிலைக் காட்டைக் கவாத்து பண்ணச் சொன்னேன், அதாவது புதுத் துளிர் விடச் செடியை வெட்டிவிடச் சொன்னேன். டிசம்பரில் இளந்துளிர் விட்டிருந்த நேரம், ஒரே ராத்திரி உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளை. வெயில் ஏற ஏறத் துளிர் கருகிவிட்டது. குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். படித்த எனக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "இந்தப் பள்ளத்துல பனி தங்கும் சார், எங்கப்பா காலத்துலயே தெரியும்" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஆகாதுன்னுதானே சொல்லுவீங்க."

எனக்கு முந்தி இருந்தவர் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போடுகிறவர். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் சரி, போதும் கிளம்பு என்பதற்கும் அதே சரிதான். எந்தச் சரி என்று தெரியாமல் ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள்.

‘பார்க்கலாம்’ என்று ஓர் அதிகாரி சொன்னால், நடக்காது என்று நமக்குத் தெரியும். ஆனால் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர் என்றாலே "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதுதான் இன்றும் நினைவுக்கு வருகிறது. அவர் வாயில் அது தட்டிக்கழிப்பாகப் படவில்லை. சொல்கிறவரின் வழக்கத்தை வைத்துத்தானே சொல்லை எடைபோடுகிறோம்?

அமெரிக்க அதிபர் கென்னடி 1961 ஏப்ரலில் கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்கப் பன்றிகள் விரிகுடாவுக்குச் சுமார் 1,400 பேரை அனுப்பினார். மூன்றே நாளில் தோல்வி. திட்டம் பிடிக்காத ஆலோசகர் ஷ்லெசிங்கர், தன் மறுப்பைக் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டத்திலோ வாயைத் திறக்கவில்லை. அதற்காகப் பின்னாளில் வருந்தினார். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது, ஆலோசகர்கள் மனம் விட்டு வாதாடட்டும் என்று கென்னடி சில கூட்டங்களுக்குப் போகாமலே இருந்தார். நாற்காலி காலியானால்தான் சிலருக்குப் பேச்சு வருகிறது.

எனக்கு அந்த வசதி இல்லை. மேஸ்திரியிடம் "நீங்க முதல்ல சொல்லுங்க" என்றால், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்பார். இரண்டு பனிக்காலம் அப்படியே போனது. மூன்றாம் வருஷம் கவாத்துப் பட்டியலைக் கையில் வாங்கியவர், தலையைச் சொறிந்துகொண்டே, "எட்டாம் நம்பர் காடு வேண்டாம் சார்" என்றார். ‘ஆகாது’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சூடாக இருந்த டீயை ஒரே வாயில் குடித்து உள்ளே தள்ளினேன்.