கருந்தாடிப் பாசி கருப்பே இல்லை! ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள்

மீன்தொட்டியில் கல் ஓரத்திலும் இலை நுனியிலும் கருப்பாக, கொத்துக் கொத்தாக, தாடி மாதிரி முளைத்திருக்கிறதா? ஒரு கொத்தைப் பிய்த்து, காயம் துடைக்கிற ஸ்பிரிட்டில் ஊறப்போடுங்கள். சில மணி நேரத்தில் சிவந்துவிடும்!

ஏனென்றால் இது சிவப்புப் பாசி இனம். இதற்குள் பச்சையமும் இருக்கிறது, சிவப்பு நிறமியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் கருப்பாகத் தெரிகிறது. ஸ்பிரிட் பச்சையத்தைக் கரைத்துவிடும், சிவப்பு மட்டும் தங்கும். எனக்கு இந்தச் சோதனை அவ்வளவு பிடிக்கும், நீங்களும் செய்து பார்த்துவிட்டு என்ன நிறம் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.

இன்னொன்று இதையும் மிஞ்சும். மணல் மேல் வழவழவென்று படர்ந்து, இழுத்தால் ஏடு ஏடாக உரிந்து, நாற்றமும் அடிக்கிறதே, நீலப்பச்சைப் பாசி, அது பாசியே கிடையாது, பாக்டீரியா! சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இதன் முன்னோர்களால்தான். அப்பேர்ப்பட்ட பரம்பரையைத்தான் டியூப் வைத்து உறிஞ்சி வெளியே விடுகிறோம்.

சரி, எப்படி எடுப்பது? கருந்தாடி பிடித்த கல்லை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிப் போடுங்கள். புதுத் தொட்டியில் பழுப்புப் பொடி படிந்தால் அது டையாட்டம் என்ற நுண்பாசி, துடைத்தாலே போகும், நாளடைவில் தானாகவும் குறையும். தண்ணீரே பச்சையானால் கண்ணாடியைத் தேய்த்துப் பயனில்லை. யுவி (புற ஊதாக்கதிர்) விளக்கு வையுங்கள், அல்லது மூன்று நாள் வெளிச்சமே படாமல் மூடுங்கள். ஆனால் லைட்டை 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டு, மீன் தின்னாத தீனியையும் மிதக்கவிட்டால் எதை எடுத்தாலும் திரும்ப வரும்.

குளத்தில் நூல்பாசியா? குச்சியில் சுற்றிச் சுற்றி இழுங்கள். தயவுசெய்து மருந்தைக் கொட்டி ஒரே நாளில் மொத்தத்தையும் கொல்லாதீர்கள்! செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்தக் காட்சி யாருக்கும் வேண்டாம்.

அப்புறம் வெளியே விரித்த கார்ப்பெட்டில் பிடிக்கிற பாசி. காய்ந்த பிறகு முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் கலந்த வினிகர் தெளித்துக் கழுவினால் போதும். வினிகர் தெளிக்காமல் அதற்குப் பதில் பிளீச் போடுவதென்றால் முதலில் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சில கார்ப்பெட்டில் சாயமே வெளுத்துவிடும். கழுவியதும் சுருட்டி நிழலில் வைக்காமல், அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வெயிலில் போடுங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.