அடையே உட்காராத கோழி! நிக்கோபார் காட்டு எருக்குழி ரகசியம்

எருக்குழியைக் கிளறி உள்ளே கையை விட்டுப் பாத்திருக்கீங்களா? சுர்ருனு சூடு ஏறும். அந்தச் சூட்டுலயே முட்டை பொரிக்கிற பறவை ஒண்ணு இருக்கு. எண்ணெய்ல இல்லீங்க, குஞ்சு பொரிக்கிறதைச் சொல்றேன்!

பேரு நிக்கோபார் மெகாபோட். மெகாபோட்னா கிரேக்கத்துல பெரிய பாதம். உலகத்துலேயே நிக்கோபார் தீவுகள்ல மட்டும்தான் இருக்கு. அதுலயும் கார் நிக்கோபார் தீவுல இல்ல. பழுப்பு நிறம், கோழி சைஸ், ஆள் அரவம் கேட்டா புதருக்குள்ள ஓடிடும். அவ்வளவுதான் அறிமுகம், இது முட்டை வைக்கக் கட்டுற மேட்டுக்குப் போவோம்.

[திரையில்: காலால் குப்பையைப் பின்னாடி தள்ளும் பறவை]

பவள மணல், மண், காய்ஞ்ச இலை, மக்கின கட்டை எல்லாத்தையும் காலால வாரிக் குவிக்கும். இலை மக்கும்போது நுண்ணுயிர்கள் சூட்டைக் கிளப்பும். மெகாபோட் முட்டைக்கு வேண்டியது சுமார் 33, 34 டிகிரி. குழி தோண்டி ஒரு முட்டை, மூடு. சில நாள் கழிச்சு இன்னொண்ணு. ஒரே மேட்டை ரெண்டு மூணு ஜோடி பங்கு போட்டுக்கிறதும் உண்டு. கூட்டுக்குடும்பம்!

எங்க சொதப்பும்? குப்பை காய்ஞ்சா நுண்ணுயிர் ஓஞ்சிடும், சூடு இறங்கிடும். எருக்குழிக்குத் தண்ணி தெளிக்காம விட்டா ஆகுமே, அதே கதை. அதனாலதான் புது இலையை வாரிப் போட்டுக்கிட்டே இருக்கும். உடும்பு தோண்டினா மொத்தமும் காலி.

நம்ம கோழி முட்டைக்கு 21 நாள். இதுக்கு 70 நாளுக்கு மேல! முட்டையும் ரொம்பப் பெருசு, உள்ளே மஞ்சக்கரு ஏராளம். குஞ்சு ஓட்டைக் காலாலயே உதைச்சு உடைக்கும், மண்ணைத் தோண்டி மேலே வரும், முழு இறகோட. வெளியே அம்மா காத்திருக்காது. நேரா காட்டுக்குள்ள ஓட்டம். எனக்கு இந்த இடம்தான் இந்தப் பறவையிலேயே உச்சம். உங்களுக்கு எதுன்னு கமெண்ட்ல போடுங்க.

இப்போ சிக்கல். மணலும் வேணும், காட்டு இலையும் வேணும். ரெண்டும் சேர்ற இடம் கடலோரக் காட்டு விளிம்புதான். மேடுகள் பெரும்பாலும் அங்கேயே. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த விளிம்பைத்தான் துடைச்சுது. அப்புறம் எண்ணிப் பாத்தப்ப மெகாபோட் எண்ணிக்கை கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. மிச்சம் இருந்த நல்ல இடங்கள்ல ஒண்ணு கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா. துறைமுகத்துக்காக 2021-ல அதோட சரணாலய அந்தஸ்தை எடுத்துட்டாங்க. பதிலுக்கு மென்சல் தீவை மெகாபோட் சரணாலயம் ஆக்கினாங்க. தீவை ஒதுக்கியாச்சு, சரி. கலாத்தியா மேட்டுல புதைச்ச முட்டை படகு ஏறி அங்க போகுமா?