கசினோ நம்மைக் கூப்பிட்டால் போகலாமா? | வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து

வணக்கம் உறவுகளே. இன்றைக்கும் கமரா கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டி, கல் அடுக்கியிருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏன் முகத்தைக் காட்டுவதில்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் கே, ஆண்களை விரும்புகிற ஆண். இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அதைக் குற்றமாக்குகிற 365, 365அ என்ற இரண்டு பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. என் அம்மாவும் தங்கச்சியும் இங்கிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறார்கள். அதனால்தான் கடல்.

இன்றைக்குக் கசினோ பற்றிக் கதைக்கப் போகிறேன். டொரொண்டோவில் இருக்கிற என் கூட்டாளி ஒருவன் போன மாதம் லாஸ் வேகஸ் போயிருந்தான். அங்கே ஒரு கசினோ ஹோட்டலில் பெரிய திரையில் ஓடிய விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பினான். கோட் சூட் போட்ட இரண்டு ஆண்கள், கையில் மோதிரம், பின்னால் வானவில் நிறம். கூடவே ஒரு குரல் பதிவு: ‘மச்சான், இங்க எங்களைத் தேடிக் கூப்பிடுறாங்கள். கொழும்பிலயும் இப்ப பெரிய கசினோ வந்திட்டுதே, அங்கயும் கூப்பிடுவாங்களோ?’

அவனுக்கு இரண்டு வரியில் பதில் போட முடியவில்லை. சரி, இங்கேயே சொல்கிறேன்.

அந்தத் திரைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை 1993இல் நீக்கியது. 1999இல், ஒருவர் கே அல்லது லெஸ்பியன் என்பதற்காக வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் போட்டது. 2004இல் அங்கே கசினோக்கள் நடத்துகிற எம்ஜிஎம் நிறுவனம் தன் ஊழியர்களின் ஒருபால் துணைக்கும் மருத்துவச் சலுகை கொடுத்தது. 2014 ஒக்டோபரில் அங்கே ஒருபால் திருமணம் சட்டமானது. லக்சர் ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில் நம்மவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்ததும், 2018இல் எம்ஜிஎம் காசு போட்டு, பாடகர் பொப் டிலன் போன்றவர்களை வைத்து ஒருபால் காதலர்களுக்காகக் கலியாணப் பாட்டுகள் வெளியிட்டதும் இந்த வரிசையில்தான் வருகின்றன. விளம்பரம் போடத் தொடங்கும்போது, அந்த மேசையில் சீட்டுப் போடுகிற ஆளே தன் துணையின் பெயரை நிறுவனப் படிவத்தில் எழுதக்கூடிய நிலைமை இருந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆனால் அன்பினால் மட்டும் கூப்பிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிற இன்னொரு கசினோ ஊரான அட்லாண்டிக் சிட்டியைப் பாருங்கள். 2006இல் அந்த ஊர்க் கசினோக்களின் வருமானம் சுமார் 520 கோடி டொலர். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா கசினோ திறக்கத் தொடங்கியது, இடையில் பொருளாதார நெருக்கடியும் வந்தது, 2011இல் வருமானம் சுமார் 330 கோடிக்கு இறங்கிவிட்டது. அதே 2011இல்தான் ரிசோர்ட்ஸ் கசினோ, அந்த ஊரில் முதன்முதலாகக் கசினோவுக்குள் ஒரு கே இரவு விடுதியைத் திறந்தது. அந்தக் கசினோ 1978இலிருந்தே அங்கே இருக்கிறது. மேசைகள் காலியாகிய பிறகுதான் நம் ஞாபகம் வந்திருக்கிறது. பிள்ளைகுட்டி இல்லாதவர்கள், இரண்டு சம்பளம், கையில் காசு புழங்கும் என்பது விளம்பரக்காரர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கிற பழைய கணக்கு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு பங்கு அறையில் இருக்கிற என் தோழிகளை அவர்கள் கண்டதில்லை.

இனிக் கொழும்பு.

2025 ஓகஸ்ட் 2ஆம் திகதி, கொம்பனித்தெருவில், பேரை வாவிப் பக்கம், சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய கசினோ ஹோட்டலைத் திறந்தார்கள். இலங்கைக் கொம்பனியான ஜோன் கீல்ஸும் மக்காவ் நகரில் கசினோ நடத்துகிற மெல்கோவும் சேர்ந்தது. 120 கோடி டொலருக்கு மேற்பட்ட திட்டம். திறப்பு விழாவுக்கு ஹிந்தி நடிகர் ஹ்ரித்திக் ரோஷன் வந்தார். யாருக்காக இதைக் கட்டியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்தியாவில் இருந்து ஆட்கள் வரவேண்டும்.

ஒரு மாதம் கழித்து, செப்டெம்பரில், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஈக்வல் கிரவுண்ட் அமைப்புக்கு ஒரு கடிதம் கொடுத்தது. தன்பாலீர்ப்புள்ள, திருநர் சுற்றுலாப் பயணிகளை இலங்கைக்கு வரவேற்கும் திட்டத்துக்கு ஆதரவு என்று. ஈக்வல் கிரவுண்ட், 2004இல் ரொசானா ஃப்ளேமர் கல்தேரா நம் உரிமைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. 2005இலிருந்து கொழும்பில் பிரைட் என்ற நம் விழாவை நடத்துகிறார்கள். அந்தக் கடிதத்தைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே. அரசாங்கக் கடிதத் தாளில் நம்மைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை! பிறகு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கண்டித்தார், பௌத்த பிக்குகள் சிலரும் எதிர்த்தார்கள், கொஞ்ச நாள் நாடு முழுக்க நம்மைப் பற்றியே பேச்சு. வீட்டில் ரீவி செய்தி ஓடும்போது நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன்.

எதிர்த்தவர்களைப் பற்றி இன்றைக்கு நான் கதைக்கவில்லை. எனக்குக் கடிதத்தைப் பற்றித்தான் கவலை. ஏனென்றால் அதில் வரவேற்கப்பட்டது வெளியிலிருந்து வருகிறவர்.

சென்னையில் இருந்து இரண்டு பையன்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி தீர்ப்பு சொல்லிவிட்டது, அவர்கள் ஊரில் அது குற்றமில்லை. ஒன்றரை மணி நேரம்கூடப் பறக்கவில்லை, கட்டுநாயக்கவில் இறங்கினால் குற்றம். 365ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை, 365அவில் இரண்டு வருடம் வரை. 1883இல் ஆங்கிலேயர் போட்ட சட்டம் அது. 1995இல் திருத்தும்போது தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டு, பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். லெஸ்பியன் தோழிகள் சட்டத்துக்குள் வந்த விதம் அதுதான். ரொசானா கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா குழு 2022இல், இலங்கை அவருடைய உரிமைகளை மீறியிருக்கிறது என்று சொன்னது. 2023 மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றமே, அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த இதைக் குற்றமில்லை என்றாக்கக் கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று சொல்லிவிட்டது. சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, அதோடு போய்விட்டது.

பொறுங்கள், ரயில் போகட்டும்.

ம். இந்த நிலைமையில் ஒரு கொழும்புக் கசினோ வானவில் கொடி கட்டினால் அது யாருக்குக் கட்டியது? சீட்டுப் போடுகிற டீலராக வேலை செய்கிற நம் பிள்ளை அதே கொடிக்குக் கீழே பயந்துகொண்டு நிற்கும். எனக்கு அப்படி ஒரு பிள்ளையைத் தெரியும், கொட்டாஞ்சேனைப் பொடியன். ஷிப்ட் முடிந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டோவில் வரும்போது காது வளையத்தைக் கழற்றிப் பொக்கெட்டில் வைத்துக்கொள்வான். பொலிஸ் செக்பொயின்ட் தாண்டியபிறகும் போடமாட்டான், ஏனென்றால் அடுத்தது வீடு.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த வீடியோவே. கசினோக்கள் கொடி கட்டாமலே நம்மில் சிலரை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கின்றன.

ஒரு அண்ணை. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டியவர், கலியாணம் செய்யவில்லை, கணக்காளர் வேலை. நான் சொல்வது கொஞ்சம் பழைய கதை. கொழும்பில் ஒரு கசினோ, எது என்றும் சொல்லப்போவதில்லை. முதல்தடவை ஒரு வேலைத்தலத் தோழரோடு போனார். பிறகு தனியாக. சாப்பாடு சும்மா, குடி சும்மா, வாகனமும் அவர்களே அனுப்புவார்கள். ஆனால் அண்ணை போனது சாப்பாட்டுக்கு இல்லை. ஒருநாள் என்னிடம் சொன்னார்: ‘தம்பி, அங்க ஒருத்தரும் ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டு கேக்கிறேல்லையடா.’

இதை எத்தனை தடவை யோசித்திருக்கிறேன். வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடையில் இருந்தால் கேட்பார்கள். கோயில் வீதியில் கேட்பார்கள். செத்த வீட்டில்கூட, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். இரவு இரண்டு மணிக்கு, பச்சைத் துணி விரித்த மேசையில், ஒரு பொம்பிளைப் பிள்ளை சிரித்த முகத்தோடு ‘குட் ஈவ்னிங் சேர்’ என்று சீட்டைத் தள்ளிவிடுகிறது. ஒரு வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு முதல் கோல் கசினோவிலிருந்து வந்தது. அவருடைய கார்ட்டில் திகதி இருக்கிறதே. இரண்டாவது கோல் இல்லை.

ஒரே ஒருமுறை நானும் கூடப் போனேன். அவர் விளையாடியது பக்கரா. ‘பிளேயர்’, ‘பாங்கர்’ என்று இரண்டு பக்கம், எது வெல்லும் என்று பந்தயம் வைக்கிற சீட்டாட்டம். முன்னால் சிப்ஸை நிறவாரியாக அடுக்கியிருந்தார், ஒவ்வொரு அடுக்கையும் பெருவிரலால் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தார். வீட்டில் கணக்குப் புத்தகங்களை அடுக்குகிற அதே கை. மெயினாக ‘பாங்கர்’ மேல் 2,000 ரூபாய் வைப்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடவே ஒரு 500, ‘டை’ மேல். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் ஒன்றுக்கு எட்டு.

அந்த 500ஐப் பற்றிச் சொல்லவேண்டும், இதை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. பாங்கரில் வீட்டுக்காரனுடைய, அதாவது கசினோவுடைய, பங்கு 1.06 வீதம்தான். மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்தால், 1,20,000 ரூபாய் சுழன்று சராசரியாக 1,300 ரூபாய் போகும். ‘டை’யில் வீட்டுக்காரனுடைய பங்கு 14 வீதத்துக்கு மேல். 60 தடவை 500 என்றால் 30,000 ரூபாய், அதில் சராசரியாக 4,300 ரூபாய் போய்விடும். சின்னப் பந்தயம் பெரிய பந்தயத்தைவிட மூன்று மடங்கு தின்கிறது. அண்ணை கணக்காளர், இது அவருக்குத் தெரியாமல் இல்லை. எட்டு மடங்கு விழும்போது மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாரும் அவருக்காகக் கைதட்டுவார்கள். அதற்குத்தான் அந்த 500.

அவருடைய அம்மாவின் தாலிக்கொடி வரை போனது. பிறகு ஓய்வூதியக் காசு. விற்ற நாளில் என்னிடம்தான் வந்து சொன்னார், அழவில்லை. தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு மேசை விரிப்பை நேராக்கிக்கொண்டே இருந்தார்.

தனிமையில் இருக்கிறவனைத் தேடிப் பிடிக்கிற வியாபாரம் கசினோவோடு தொடங்கவில்லை. 1990களின் நடுவில் ஆர்.ஜே. ரெனோல்ட்ஸ் என்ற அமெரிக்க சிகரெட் கொம்பனி, சான் பிரான்சிஸ்கோவில் கே மக்கள் வாழ்கிற கஸ்ட்ரோ பகுதியையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. திட்டத்தின் பெயரைச் சுருக்கினால் வருகிற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கழிசடை’ என்று பொருள். கொம்பனியின் உள் ஆவணங்கள் பின்னாளில் வெளியே வந்தபோதுதான் அது தெரிந்தது. விளம்பரத்தில் சிரிப்பு, கோப்பில் அந்தப் பெயர். யாராவது வானவில் நிறத்தில் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோப்புதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே என் டொரொண்டோ மச்சானுக்குச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு கசினோ நம்மைக் கூப்பிட்டால், முதலில் அவர்களுடைய ஊழியர் கையேட்டைப் பார்க்க ஆசைப்படுவேன். அந்தக் கொட்டாஞ்சேனைப் பொடியனை யாராவது காட்டிக்கொடுத்தால் அவன் வேலை நிற்குமா, போகுமா? 120 கோடி டொலர் கொட்டினவர்கள் மந்திரிமாருடன் வரி பற்றிக் கதைக்கிறார்கள். 365அ பற்றியும் ஒரு வார்த்தை கதைப்பார்களா? உள்ளூர்க்காரர் கசினோவுக்குள் போக 50 டொலராக இருந்த நுழைவு வரியை 100 ஆக்க 2025இல் அரசாங்கம் முடிவெடுத்தது. சூது ஆட்களைக் கெடுக்கும் என்று அவர்களுக்கும் தெரிகிறது. அப்படியென்றால் அண்ணை மாதிரி ஆட்கள் ஏன் அங்கே போய் உட்காருகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கட்டும். கேள்வி கேட்காத ஒரு கதிரை இந்த ஊரில் வேறு எங்கேயும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நாங்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை இரவில் ஒரு தோழியின் பிளட்டில் கூடுகிறோம். இடம் சொல்லமாட்டேன். இடியப்பம், சொதி, பிறகு 304 என்ற சீட்டாட்டம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, நாலு சாதியையும் கூட்டினால் 304. காசு வைப்பதில்லை, அது கட்டாயம். இரண்டு மாதமாக அண்ணையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். களைப்பு என்பார், மழை என்பார்.

போன சனிக்கிழமை தோழி ஒருத்திக்குக் காய்ச்சல், மூன்று பேர்தான் இருந்தோம். நான் கோல் எடுத்து, ‘அண்ணை, நாலாவது கை இல்லை, ஆட்டம் நிக்குது’ என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘துரும்பு ஆர் கேட்டது?’ என்றார். ‘இன்னும் சீட்டே போடேல்லை அண்ணை.’ ‘போடாதேங்கோ, வாறன்.’

அரை மணித்தியாலத்தில் ஓட்டோ வந்து நின்றது. கையில் ஒரு பை, அதில் பருத்தித்துறை வடை. உட்கார்ந்ததும் சீட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்து, பெருவிரலால் தட்டி நேராக்கினார்.