ஒரு மேட்ச் தோத்தா வருஷமே போச்சா? ஜெர்மனி பசங்க லீக்க நேர்ல பாத்துட்டு வந்தேன்

வணக்கம் மக்களே! குரல் கட்டியிருக்கு, சளியெல்லாம் இல்ல, நேத்து கத்துன கத்து அப்படி. ஜேபிபிஎல் மேட்ச் போய் பாத்துட்டேன்! எத்தன வீடியோல போகணும் போகணும்னு சொல்லிட்டே இருந்தேன், ஜெர்மனில பதினாறு வயசுக்குள்ள பசங்க ஆடுற அந்த பாஸ்கெட்பால் லீக்தான். ராத்திரி தூக்கமே வரல, காலைல எந்திரிச்சதும் கேமராவ ஆன் பண்ணிட்டேன்.

ஆடுறவங்க எல்லாம் சின்னப் பசங்க, அதனால மேட்ச் கிளிப் எதுவும் போடல, என் மூஞ்சிதான் முழுக்க, ஒரு காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

காபின்னதும் இத சொல்லியே ஆகணும். ஹாலுக்குள்ள கால வச்சதும் வாஃபிள் வாசனை அப்படியே தூக்குது. பசங்களோட அம்மா அப்பாங்களே ஓரமா மேஜை போட்டு சுட்டு சுட்டு விக்கிறாங்க, காபி 1 யூரோ, வாஃபிள் 2 யூரோ. கார்ட நீட்டுறேன், காசு மட்டும்தான்னுட்டாங்க. பெர்லின் வந்து ஆறு வருஷம் ஆச்சு, இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிக்கல, சத்தியமா பிடிக்கல. ஜாக்கெட்ல இருக்குற பாக்கெட் எல்லாம் தடவுறேன், பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க, உள் பாக்கெட்ல கெட்டியா ஏதோ தட்டுப்படுது, பாத்தா சூப்பர்மார்க்கெட்ல தள்ளுவண்டி எடுக்க போடுவோம்ல, அதுக்குன்னே தனியா வச்சிருந்த 1 யூரோ! அந்த காச நான் எதுக்குமே செலவு பண்ண மாட்டேன்னு உங்களுக்கு தெரியும். நேத்து பண்ணிட்டேன். அந்த காபி அவ்ளோ நல்லா இருந்துச்சு. வாஃபிள்தான் வாங்க முடியல, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, மேல சக்கரப் பொடி தூவி, முன் சீட்டுக்காரர் சாப்பிடுறத பாத்துட்டே முதல் குவார்ட்டர் போச்சு.

சரி, லீக் என்னன்னு தெரியாதவங்களுக்கு. 2006ல ஜெர்மன் பாஸ்கெட்பால் ஃபெடரேஷனும் பெரியவங்க ஆடுற பாஸ்கெட்பால் பண்டஸ்லீகாவும் சேந்து என்பிபிஎல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அது பத்தொம்பது வயசுக்குள்ள. அப்புறம் 2009ல இந்த ஜேபிபிஎல். நாடு முழுக்க கிளப்புங்க இருக்கு, முதல்ல பக்கத்து பக்கத்து ஊர்க்காரங்க ஒரே குரூப்ல ஆடுவாங்க, நல்லா ஆடுற டீம் மேல மேல போய் கடைசில நாலு டீம் ஒரே வீக்கெண்ட்ல மோதும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சதே தோக்குற டீமுக்கு என்ன ஆகுதுங்கறதுதான். வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்க. லீக்ல இடத்த காப்பாத்திக்க அவங்களுக்குன்னு தனி ரவுண்டு இருக்கு, அவங்களும் மாசக்கணக்கா ஆடிட்டே இருப்பாங்க.

நான் ஸ்கூல் டீம்ல ஆடுன கதை உங்களுக்கு தெரியும், திருச்சில சிமெண்ட் கோர்ட், வெயில்ல பந்து சுடும். ஜோனல் எல்லாம் நாக்அவுட். ஒம்போதாவது படிக்கும்போது முதல் மேட்ச்லயே மூணு பாயிண்ட்ல தோத்தோம், அவ்ளோதான், அந்த வருஷம் முடிஞ்சுது. தினமும் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு ஓடுனது ஒரே ஒரு மேட்சுக்கு! என்ன தப்பு பண்ணேன்னு தெரியுது, ஆனா திருத்தி ஆட அடுத்த மேட்சே இல்ல. அந்த கோவம் எனக்கு இப்பவும் இருக்கு.

அதனாலதான் நேத்து பதினாலாம் நம்பர் பையன பாத்து கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒல்லியா, ஷார்ட்ஸ் இடுப்புல நிக்கவே இல்ல. மூணாவது குவார்ட்டர்லதான் இறக்கி விட்டாங்க. முதல் பாஸ் நேரா எதிர் டீம் கையில. அடுத்து மூலைலேர்ந்து போட்ட ஷாட் ரிங்லயே படல. உடனே பெஞ்ச திரும்பி பாக்குறான், மாத்திருவாங்கன்னு. கோச் உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல, கைய மட்டும் கீழ அமத்தி, இருடான்னு காட்டுனாரு. ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு எதிர் டீம்ல ஒரு பெரிய பையன் வேகமா உள்ள வர்றான், இவன் காலு ரெண்டையும் ஊனி நெஞ்ச குடுத்து நின்னான், தொம்முனு விழுந்தான், விசில், மோதுனவன் மேல ஃபவுல், பந்து இவங்களுக்கு! பெஞ்ச் மொத்தமும் எந்திரிச்சுருச்சு. நானும்தான். குரல் போனது அப்பதான்.

ஆ, டிக்கெட் சொல்லல பாருங்க. டிக்கெட்டே கிடையாது, ஃப்ரீ. சாதாரண ஸ்கூல் ஜிம், தரையில ஹேண்ட்பால் கோடு, வாலிபால் கோடு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. ஸ்கோர் டேபிள்ல அந்த கிளப் பசங்களேதான், 24 செகண்டுக்குள்ள ஷாட் போடணும்ல, அந்த கடிகாரத்த ஒரு பொண்ணு கண்ணே சிமிட்டாம பாத்துட்டிருந்தா.

இப்படி ஆடுற பசங்க எங்க போய் நிப்பாங்கன்னு கேட்டா, ஜெர்மனி டீம் ஸ்டார் டென்னிஸ் ஷ்ரோடர் ப்ரவுன்ஷ்வைக்ங்கற ஊர்ல, முன்னாடி சொன்ன அந்த என்பிபிஎல் ஆடி வந்தவருதான். 2013ல அமெரிக்காவோட என்பிஏ லீக் டீம் அட்லாண்டா ஹாக்ஸ் அவர எடுத்தாங்க. 2023 உலகக் கோப்பை மணிலால நடந்தப்ப ஜெர்மனி செமில அமெரிக்காவ 113-111, ஃபைனல்ல செர்பியாவ 83-77னு ஜெயிச்சாங்க, ஃபைனல்ல மட்டும் ஷ்ரோடர் 28 பாயிண்ட், எம்விபி, அதாவது தொடரோட சிறந்த ஆட்டக்காரரும் அவருதான். போன வருஷம்... இல்ல இருங்க, 2024ல பதினெட்டு வயசுக்குள்ள ஐரோப்பிய கோப்பையும் ஜெர்மனிக்குத்தான், 2025ல பத்தொம்பது வயசுக்குள்ள உலகக் கோப்பைல ரெண்டாவது இடம், அதே வருஷம் பெரியவங்க ஐரோப்பிய சாம்பியன். இப்படி ஜெயிக்கிறதுக்கு இந்த பசங்க லீக் மட்டும் இல்ல, இன்னொரு காரணமும் இருக்கு, பண்டஸ்லீகால ஒரு மேட்சுக்கு பன்னெண்டு பேர்னா அதுல ஆறு பேர் ஜெர்மன்காரங்களா இருக்கணும், அப்ப கிளப்புங்க பசங்கள வளத்துத்தான ஆகணும்.

பொண்ணுங்களுக்கும் இருக்கு, டபிள்யூஎன்பிஎல், பதினெட்டு வயசுக்குள்ள, அதுக்கும் கண்டிப்பா போவேன், அது தனி வீடியோ.

நேத்து மேட்ச் யாரு ஜெயிச்சான்னு கமெண்ட்ல கேப்பீங்க. நம்ம பசங்க, அதான் பதினாலாம் நம்பரோட டீம், எட்டு பாயிண்ட்ல தோத்துட்டாங்க. அவன் எடுத்தது ரெண்டே பாயிண்ட். முடிஞ்சதும் தண்ணி பாட்டில் கூடைய தூக்கிட்டு போய்ட்டே கோச்சுகிட்ட ஏதோ காலு வச்சு காட்டி கேட்டுட்டிருந்தான். ரெண்டு வாரத்துல அடுத்த மேட்ச், ஞாயித்துக்கிழமை, அதே ஹால். 10 யூரோவ சில்லறையா மாத்தி ஜாக்கெட்லயே போட்டுட்டேன், தள்ளுவண்டி காசையும் திரும்ப வச்சுட்டேன்.