நல்ல வெயிலில் ஒரு கறுப்புக் குடை: கென்னடி கொலைக்கும் ஹிட்லருக்கும் என்ன தொடர்பு?

1963 நவம்பர் 22. டல்லாஸ் நகரம். காலையில் பெய்த மழை விட்டு, வெயில் அடிக்கிறது. அதிபர் கென்னடியின் கார் நெருங்கும்போது சாலையோரம் நின்ற ஒருவர் கறுப்புக் குடையை விரிக்கிறார். அதே நேரத்தில் துப்பாக்கிச் சூடு.

அர்த்தராத்திரியில் குடை பிடித்த அற்பனை நமக்குத் தெரியும். பட்டப்பகலில், மழையே இல்லாமல் குடை பிடித்த இவர் யார்?

சதிக் கதை எழுதுகிறவர்களுக்கு இது போதாதா? அது குடையே இல்லை, நச்சு ஊசி எய்யும் ஆயுதம் என்றார்கள். 1978இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவுக்கு அந்த மனிதரே குடையோடு வந்தார். சொன்ன காரணம்: கென்னடியைச் சீண்டத்தான் விரித்தேன். கென்னடியின் அப்பா லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, எப்போதும் குடையோடு திரிந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர் ஆயிற்றே! தவறான நேரத்தில், தவறான இடத்தில், தவறான காரியம் செய்தவர்களுக்கு கின்னஸில் இடம் இருந்தால் முதலிடம் எனக்குத்தான் என்றும் சொன்னார். எனக்கு மறுப்பே இல்லை.

சரி, குடைக்காரர் சேம்பர்லினுக்கு வருவோம். நெவில் சேம்பர்லின், 1937 மே முதல் பிரிட்டிஷ் பிரதமர். குடையில்லாமல் அவரைப் பார்ப்பது அரிது. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதி வேண்டும் என்று ஹிட்லர் மிரட்ட, 69 வயது மனிதர் ஒரே மாதத்தில் மூன்று முறை விமானம் ஏறி ஜெர்மனிக்குப் போனார். மூன்றாவது பயணம் மியூனிக். ஹிட்லர், முசோலினி, பிரான்ஸின் டலாடியே, இவர். சுடேட்டனை ஹிட்லருக்குக் கொடுக்க நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். செக் பிரதிநிதிகள்? விடுதி அறையில் காத்திருந்தார்கள். வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டைப் பாகம் பிரித்த பஞ்சாயத்து இது. கேட்டதைக் கொடுத்து ஹிட்லரைத் தாஜா செய்யும் இந்தக் கொள்கையில் எனக்குப் பொறுக்காத இடமும் இதுதான்.

ஆனால் அன்று லண்டன் கொண்டாடியது. முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. "நம் காலத்துக்கு அமைதி" என்றதும் ஆரவாரம். அரண்மனை மாடத்தில் அரசரே அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஆறே மாதம். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரை அறிவித்தது. நமக்கு வெண்கொற்றக்குடை என்றால் குடிகளைக் காக்கும் அரசு. சேம்பர்லினின் குடைக்கோ கோழைத்தனம் என்று பொருளாகிவிட்டது.

தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் 1938இல் அவர் ஆட்சியில்தான் வந்தது. யாருக்கு நினைவிருக்கிறது?

போருக்குத் தயாராக அவர் ஓராண்டு அவகாசம் வாங்கித் தந்தார் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பாதி ஏற்கிறேன். மியூனிக் சமயத்தில் பிரிட்டனிடம் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ராடார் வலையும் முழுமையாகவில்லை. ஆனால் அந்த ஓராண்டு ஹிட்லருக்கும்தானே கிடைத்தது? செக் நாட்டின் மலைக் கோட்டைகள் சண்டையே இல்லாமல் கைமாறின. ஆயுதத் தொழிற்சாலைகளும் பின்னாலேயே போயின. 1940இல் பிரான்ஸுக்குள் பாய்ந்த ஜெர்மன் டாங்கிகளில் கணிசமானவை செக் தயாரிப்பு!

அந்தப் படையெடுப்பு தொடங்கிய மே 10 அன்றுதான் சேம்பர்லின் பதவி விலகினார். நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். அந்த டாங்கிகளின் கதையைத் தனி வீடியோவாகப் போடவா? கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்.